வேகம் எங்கே தொலைகிறது?
வீட்டு இணைய இணைப்பை நாமே சோதித்துப் பார்க்கும் வழி

"இணையம் இழுபடுகிறது" என்பது மீள்குடியேறிய கிராமங்களிலும், சொந்தக் காணிக்கு இன்னும் திரும்ப முடியாமல் தற்காலிகக் கொட்டில்களிலும் உறவினர் வளவுகளிலும் வாழும் குடும்பங்களிடமும் இன்று நாம் அடிக்கடி கேட்கும் முறைப்பாடாகும். பிள்ளையின் பாடம் நடுவில் நின்றுவிடுகிறது. வெளிநாட்டிலுள்ள சகோதரனின் முகம் பேச்சுக்கு நடுவே உறைந்துபோகிறது. நெல்லில் கண்ட நோயைப் படம் எடுத்து விவசாயப் போதனாசிரியருக்கு அனுப்பினால், அது போய்ச் சேருமுன் பொழுது சாய்ந்துவிடுகிறது.

2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் கொரோனாத் தொற்றினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது, இணைப்பு இல்லாத பிள்ளை பாடமும் இல்லாத பிள்ளையாயிற்று. அன்று தொடக்கம் இணையம் வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு அல்ல, ஏழைக் குடும்பத்தின் மாதச் செலவில் ஒரு கட்டாயப் பங்கு. அந்தச் செலவுக்கேற்ற பயன் கிடைக்காதபோது பல குடும்பங்கள் என்ன செய்கின்றன? இன்னும் பெரிய பொதிக்கு மாறுகின்றன, அல்லது கடன்பட்டுப் புதிய றவுட்டர் வாங்குகின்றன. தடை வேறிடத்தில் இருந்தால் அந்தப் பணம் வீணே. ஆகவே ஒரு ரூபாவேனும் மேலதிகமாகச் செலவழிக்குமுன், வேகம் எந்த இடத்தில் தொலைகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு ஒரு கைத்தொலைபேசியும், ஒரு கொப்பியும், மூன்று நாள் பொறுமையும் போதும்.

வயலிலிருந்து குளத்தை நோக்கி

வயலுக்குத் தண்ணீர் வராவிட்டால் கமக்காரன் உடனே குளத்தை ஏசுவதில்லை. மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு, தன் வயல் மடையிலிருந்து வாய்க்கால் வழியே மேல்நோக்கி நடக்கிறான். மடை அடைத்திருக்கிறதா, வரம்பு உடைந்திருக்கிறதா, மேல் வயல்காரர் எல்லோரும் ஒரே நேரத்தில் மடை திறந்திருக்கிறார்களா என்று பார்க்கிறான். கடைசியிலேதான் துருசுக்குப் போகிறான்.

இணையமும் இவ்வாறே நான்கு கட்டங்களைத் தாண்டி வருகிறது. உலகெங்குமுள்ள கணினிகளிலிருந்து நிறுவனத்தின் பெரிய இணைப்புகள் வழியாக நமது பகுதியின் கோபுரத்துக்கு வருகிறது. கோபுரத்திலிருந்து வானலையாக நம் வீட்டு றவுட்டருக்கு வருகிறது. றவுட்டரிலிருந்து வை-பை என்னும் சிறிய வானலையாகக் கைத்தொலைபேசிக்கு வருகிறது. கடைசியாகக் கைத்தொலைபேசி அதைப் படமாகவும் குரலாகவும் மாற்றுகிறது. இந்த நான்கில் எது மிகவும் ஒடுங்கியதோ, அதன் அளவுதான் நமக்குக் கிடைக்கும் வேகம். வீட்டுக்குள் இருக்கும் ஒடுக்கத்தைப் பெரிய பொதி திறக்காது. கோபுரத்தில் இருக்கும் நெரிசலைப் புதிய றவுட்டர் தீர்க்காது.

மூன்று எண்கள்

வேகத்தை அளக்க 'ஸ்பீட்ரெஸ்ற்' போன்ற இலவசச் செயலிகள் உண்டு. அவை மூன்று எண்களைத் தரும். முதலாவது பதிவிறக்க வேகம், அதாவது நமக்கு வந்துசேரும் வேகம். இரண்டாவது பதிவேற்ற வேகம், அதாவது நாம் அனுப்பும் வேகம். மூன்றாவது தாமதம், அதாவது நாம் கேட்டதற்கு மறுமொழி வர எடுக்கும் நேரம். இது மில்லி செக்கனில் காட்டப்படும்.

வேகம் 'மெகாபிற்' கணக்கில் சொல்லப்படும். பொதியின் அளவோ 'மெகாபைற்', 'ஜிகாபைற்' கணக்கில் சொல்லப்படும். எட்டு பிற் சேர்ந்தது ஒரு பைற். இதை அறியாதவர்கள், செக்கனுக்கு 8 மெகாபிற் வேகமுள்ள இணைப்பில் ஒரு செக்கனுக்கு 1 மெகாபைற் மட்டுமே இறங்குவதைக் கண்டு ஏமாற்றப்பட்டதாக நினைப்பதுண்டு. அது ஏமாற்று அல்ல, அளவையின் வேறுபாடு.

ஒரு பிள்ளை காணொளிப் பாடம் பார்ப்பதற்குச் செக்கனுக்கு 2 மெகாபிற் சீராக வந்தால் பெரும்பாலும் போதும். முகம் பார்த்துப் பேசுவதற்குப் பதிவேற்ற வேகமும் ஏறக்குறைய 1 மெகாபிற் வேண்டும். தாமதம் 100 மில்லி செக்கனுக்குக் கீழ் இருந்தால் பேச்சு இயல்பாக இருக்கும். 300ஐத் தாண்டினால் ஒருவர் பேச்சில் மற்றவர் பேச்சு இடறும். ஒவ்வொரு சோதனையும் பொதியிலிருந்து பல மெகாபைற்றுகளை எடுக்கும் என்பதால், பிள்ளைகள் விளையாட்டாகத் திரும்பத் திரும்பச் சோதிக்க விடவேண்டாம்.

முதலில் பொதியைப் பாருங்கள்

பல பொதிகளில், வாங்கிய அளவு முடிந்ததும் இணைப்பு அறுபடுவதில்லை, வேகம் மட்டும் மிகவும் குறைக்கப்படும். மாதத் தொடக்கத்தில் நன்றாக ஓடி, கடைசி வாரத்தில் எந்நேரமும் ஒரேயடியாக இழுபட்டால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். சில பொதிகளில் பகலுக்கு ஓர் அளவு, நள்ளிரவுக்குப் பின் வேறோர் அளவு என்று பிரிக்கப்பட்டிருக்கும். முழு அளவைச் சொல்லி விற்றிருந்தாலும் பகலில் பயன்படுவது அதில் ஒரு பங்கே. நிறுவனத்தின் செயலியிலோ, வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்தோ மிகுதி எவ்வளவு என்று கேட்டறியலாம்.

கணக்கையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். செக்கனுக்கு 2 மெகாபிற் வீதம் ஒரு மணி நேரம் காணொளி பார்த்தால் 900 மெகாபைற் செலவாகும். 40 ஜிகாபைற் பொதி அந்தக் கணக்கில் 44 மணி நேரத்தில் முடிந்துவிடும். நாளுக்கு ஒன்றரை மணி நேரம் பார்த்தால் மாதம் முடியுமுன்னரே தீர்ந்துபோகும். யூரியூப்பில் படத்தின் தரத்தை 360க்குக் குறைத்து வைத்தால் செலவு பெருமளவு குறையும். ஆசிரியர் கரும்பலகையில் எழுதுவதைப் பார்க்க அந்தத் தரம் போதும்.

வீட்டுக்குள் சோதனை

பொதியில் மிகுதி இருந்தும் வேகம் இல்லாவிட்டால் வயல் மடைக்கு வருவோம். வீட்டிலுள்ள எல்லாக் கைத்தொலைபேசிகளின் வை-பையையும் நிறுத்தி, ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, றவுட்டரிலிருந்து இரண்டடி தள்ளி நின்று வேகத்தை அளவுங்கள். பிறகு பிள்ளை வழக்கமாக இருந்து படிக்கும் இடத்தில் அளவுங்கள். றவுட்டருக்கு அருகில் 12, படிக்கும் இடத்தில் 2 என்று வந்தால் கோபுரத்தில் குறை இல்லை. குறை வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. இரண்டு இடத்திலும் 2 என்றால் குறை வெளியே இருக்கிறது. இந்த ஒரு சோதனை பாதிக் கேள்வியைத் தீர்த்துவிடும்.

வீட்டுக்குள் குறை என்றால் கவனிக்க வேண்டியவை இவை.

ஒன்று: றவுட்டரை அலுமாரிக்குள்ளும், குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னாலும், நிலத்திலும் வைக்கவேண்டாம். நெஞ்சளவு உயரத்தில், திறந்த இடத்தில் வையுங்கள்.

இரண்டு: பல றவுட்டர்கள் 2.4 கிகாஹேட்ஸ், 5 கிகாஹேட்ஸ் என இரண்டு வை-பை அலைகளைத் தரும். முன்னையது தூரம் போகும், சுவரையும் ஓரளவு ஊடுருவும், ஆனால் வேகம் குறைவு. பின்னையது வேகம் கூடியது, ஆனால் ஒரு சுவர் தாண்டினாலே தளர்ந்துவிடும். ஒரே அறைக்குள் 5, அடுத்த அறைக்கும் முற்றத்துக்கும் 2.4 என்று தெரிந்து பயன்படுத்துங்கள்.

மூன்று: ஒரு கைத்தொலைபேசி யாருக்கும் தெரியாமல் செயலிகளைப் புதுப்பித்துக்கொண்டும், எடுத்த படங்களையெல்லாம் சேமிப்பகத்துக்கு அனுப்பிக்கொண்டும் இருக்கலாம். வட்ஸ்அப் குழுக்களில் வரும் காணொளிகளும் தாமாகவே இறங்கும். இவற்றைக் கைத்தொலைபேசியின் அமைப்புகளில் நிறுத்திவிடலாம்.

நான்கு: கடவுச்சொல் அயல் முழுவதும் பரவியிருந்தால் நம் மடை பலருக்கும் திறந்திருக்கிறது என்பதே பொருள். அயலவருக்கு உதவுவது நல்லது. ஆனால் எத்தனை பேர், எந்த நேரம் என்று தெரிந்து உதவ வேண்டும். கடவுச்சொல்லை மாற்றி, தேவைப்படுவோருக்கு மட்டும் கொடுங்கள்.

ஐந்து: பழைய, விலை குறைந்த கைத்தொலைபேசியே மெதுவாக இயங்கக்கூடும். அதே இடத்தில் வேறொரு கைத்தொலைபேசியில் அளந்தால் இது தெரிந்துவிடும்.

தகரமும் வானலையும்

றவுட்டருக்கு அருகிலும் வேகம் இல்லையெனில் கோபுரத்துக்கும் றவுட்டருக்கும் இடைப்பட்ட வழியைப் பார்ப்போம். இடம்பெயர்ந்தோர் வாழும் வீடுகளில் இங்கேதான் பெரிய தடை இருக்கிறது. அதன் பெயர் தகரம்.

உலோகத் தகடு வானலையை உள்ளே விடாது, கண்ணாடி ஒளியைத் திருப்புவதுபோல் திருப்பிவிடும். கூரையும் தகரம், சுவரும் தகரம் என்றால் றவுட்டர் ஒரு மூடிய தகரப் பெட்டிக்குள் இருக்கிறது என்றே சொல்லவேண்டும். கதவாலும் யன்னலாலும் நுழையும் சிறு அலையை நம்பியே அது வேலை செய்கிறது. காய்ந்த கிடுகு அலையை அவ்வளவாகத் தடுப்பதில்லை, ஓடும் தகரத்தைப்போல் தடுப்பதில்லை. கம்பி போட்ட கொங்கிறீற் ஓரளவு தடுக்கும். ஆகவே தகரக் கொட்டிலில் இருப்போர் றவுட்டரை நடு அறையில் வைக்காமல், கோபுரம் இருக்கும் திசையிலுள்ள யன்னலோரமாக வைக்கவேண்டும்.

எந்த இடம் சிறந்தது என்பதை எண்ணால் அறியலாம். றவுட்டருடன் இணைந்த கைத்தொலைபேசியின் இணைய உலாவியில், றவுட்டரின் அடியில் ஒட்டப்பட்டிருக்கும் முகவரியை அடித்தால் அதன் பக்கம் திறக்கும். பெரும்பாலும் அது 192.168.1.1 அல்லது 192.168.8.1 என்று இருக்கும். அங்கே 'ஆர்.எஸ்.ஆர்.பி.' என்ற பெயரில் கோபுரத்து அலையின் வலிமை மறை எண்ணாகக் காட்டப்படும். பூச்சியத்துக்குக் கிட்ட இருப்பதே வலிமையானது. மறை 80 மிக நல்லது. மறை 90 நல்லது. மறை 100 சுமார். மறை 110க்கும் கீழே போனால் இணைப்பு இழுபடும். பத்து எண் இறங்கினால் வலிமை பத்தில் ஒன்றாகக் குறைந்துவிட்டது என்பது கணக்கு. ஆகவே மறை 90க்கும் மறை 110க்கும் உள்ள வேறுபாடு நூறு மடங்கு. அதே பக்கத்தில் 'சின்ர்' என்றோர் எண்ணும் இருக்கும். அது இரைச்சலுக்கு நடுவே அலை எவ்வளவு தெளிவாகக் கேட்கிறது என்பதைக் காட்டும். அது 20க்கு மேல் என்றால் மிக நன்று. பூச்சியத்துக்குக் கீழே என்றால் வலிமை இருந்தும் பயன் குறைவு.

இந்த எண்களைப் பார்த்துக்கொண்டே றவுட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள். 2300 மெகாஹேட்ஸ் அலை ஒன்றின் நீளம் ஏறக்குறைய 13 சென்ரிமீற்றர் மட்டுமே. அலைகள் பல பக்கமும் மோதித் திரும்பி வருவதால், ஒரு சாண் நகர்த்தினாலே எண் மாறுவதைக் காணலாம். ஒவ்வோர் இடத்திலும் இரண்டு நிமிடம் பொறுத்து எண்ணைக் குறித்துக்கொண்டு, சிறந்த இடத்தைத் தெரிவுசெய்யுங்கள்.

உயரமும் உதவும். முற்றத்தில் ஒரு கம்பம் நட்டு அன்ரெனா பூட்டுவோர், அன்ரெனாவிலிருந்து றவுட்டருக்கு வரும் கேபிளைக் குறுகியதாகவும் தடித்ததாகவும் வைக்கவேண்டும். மெல்லிய நீண்ட கேபிள், உயரத்தில் பெற்ற இலாபத்தை வழியிலேயே தின்றுவிடும். வெளியில் பூட்டுவதற்கென்றே செய்யப்பட்ட றவுட்டரைக் கம்பத்தில் பூட்டி, அதிலிருந்து வலையமைப்புக் கேபிளை வீட்டுக்குள் கொண்டுவருவது இதைவிட நல்லது. அந்தக் கேபிள் 100 மீற்றர் வரை வேகம் குறையாமல் கொண்டுவரும்.

மரங்களையும் மறக்கலாகாது. மழை இந்த அலைகளை அவ்வளவாகத் தடுப்பதில்லை. மழையில் நனைந்த இலைகளே தடுக்கின்றன. மாரியில் மட்டும் இணைப்பு மோசமாகிறது என்றால், கோபுரத் திசையில் அடர்ந்த மரங்கள் நிற்கின்றனவா என்று பாருங்கள். அதற்காகப் பயன்தரும் மரத்தை வெட்டவேண்டாம். றவுட்டரை வீட்டின் மறு மூலைக்கு மாற்றியோ உயர்த்தியோ பார்ப்பதே போதுமானதாக இருக்கலாம்.

இடம் மாறிய குடும்பங்கள் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். சில வீட்டு இணைப்புகள், பதிவுசெய்த இடத்துக்குரிய கோபுரத்தில் மட்டும் வேலை செய்யுமாறு பூட்டப்பட்டிருக்கும். முகாமிலோ உறவினர் வீட்டிலோ இருந்தபோது எடுத்த றவுட்டரைப் புதிய காணிக்குக் கொண்டுவந்ததும் வேலை செய்யவில்லை என்றால், கருவி பழுதாகிவிட்டது என்று எண்ணிப் புதிது வாங்கவேண்டாம். இட மாற்றத்தை நிறுவனத்துக்கு அறிவித்துத் திருத்திக்கொள்ளுங்கள். பாவிக்காமல் விட்ட இணைப்பையும் முறைப்படி நிறுத்துங்கள். இல்லாவிட்டால் மாதாந்தக் கட்டணம் உங்கள் பெயரில் ஏறிக்கொண்டிருக்கக்கூடும்.

தொலைபேசிக் கம்பி வழியாக

பழைய செப்புத் தொலைபேசிக் கம்பி வழியாக இணையம் பெறுவோருக்குத் தூரமே முதல் எதிரி. தொலைபேசி நிலையத்துக்கு அருகில் செக்கனுக்கு 20 மெகாபிற் வரை வரக்கூடிய கம்பியில், நாலைந்து கிலோமீற்றர் தள்ளி ஒன்றிரண்டு மெகாபிற்றே மிஞ்சும். தொலைபேசியைக் காதில் வைத்தால் இரைச்சல் கேட்கிறதா என்று பாருங்கள். கேட்டால் எங்கோ ஒரு மூட்டில் கறள் பிடித்திருக்கிறது அல்லது ஈரம் புகுந்திருக்கிறது. வீட்டுக்கு வெளியே உள்ள கம்பியைத் திருத்துவது நிறுவனத்தின் பொறுப்பு. வீட்டுக்குள் உள்ள பழைய மூட்டுகளையும், றவுட்டருக்கு முன் பூட்டும் சிறு பிரிப்பானையும் நாம் பார்க்கலாம்.

எவ்வகை இணைப்பானாலும் இடி மின்னல் காலத்தில் கவனம் வேண்டும். ஏப்பிரலிலும் ஒக்ரோபர், நவம்பரிலும் பிற்பகல் இடி முழங்கத் தொடங்குமுன், மின் இணைப்பையும் தொலைபேசிக் கம்பியையும் கழற்றிவிடுங்கள். முழங்கத் தொடங்கிய பின் தொடாதீர்கள். கம்பத்தில் அன்ரெனா பூட்டியோர் அதற்கு நிலத்தொடுப்புச் செய்வது கட்டாயம்.

கோபுரத்துக்கு அப்பால்

வீட்டுக்குள்ளும் குறை இல்லை, கோபுரத்து அலையும் வலிமையாகவே இருக்கிறது, ஆனாலும் வேகம் இல்லை என்றால் நெரிசலைச் சந்தேகிக்க வேண்டும். ஒரு கோபுரத்தின் கொள்ளளவை அதனோடு இணைந்த எல்லா வீடுகளும் பங்கிட்டுக்கொள்கின்றன. மாலை ஏழு மணி தொடக்கம் பத்து மணி வரை எல்லோரும் மடை திறக்கிறார்கள். அப்போது கடைசி வயலுக்குத் தண்ணீர் எட்டாது. கோபுரத்தை வெளியுலகோடு இணைக்கும் வழி ஒடுங்கியதாக இருந்தாலும் இதே நிலைதான். மின்சாரம் தடைப்பட்டு அயல் கோபுரமொன்றின் பற்றரி தீர்ந்துபோனால், அங்குள்ளோரும் மிகுதிக் கோபுரத்தில் வந்து நெருங்குவர்.

இதை உறுதிசெய்யும் வழி எளிது. மூன்று நாட்களுக்குக் காலை ஐந்து மணி, நண்பகல், இரவு எட்டு மணி ஆகிய மூன்று வேளையும் றவுட்டருக்கு அருகில் நின்று அளந்து, திகதி, நேரம், பதிவிறக்கம், பதிவேற்றம், தாமதம், அலையின் வலிமை ஆகியவற்றைக் கொப்பியில் எழுதுங்கள். வலிமை மூன்று வேளையும் ஒன்றாக இருக்க, வேகம் மட்டும் காலையில் 15, இரவில் 1 என்று விழுந்தால் அது நெரிசல். அதற்கு உங்கள் வீட்டில் செய்யக்கூடிய திருத்தம் எதுவும் இல்லை. பெரிய பொதியும் உதவாது. பாடங்களை அதிகாலையில் இறக்கி வைத்துக்கொண்டு பிறகு பார்ப்பது மட்டுமே தற்காலிக வழி. நிரந்தர வழி முறைப்பாடு.

முறைப்பாடு செய்வது எப்படி?

எமது மக்கள் பலர் முறைப்பாடு செய்யப் பின்நிற்கிறார்கள். "எங்களுடைய பேச்சை யார் கேட்கப்போகிறார்கள்?" என்ற எண்ணம் நீண்ட அனுபவத்தால் வந்தது. அதைக் குறைகூற நாம் விரும்பவில்லை. ஆனால் மாதந்தோறும் பணம் செலுத்துபவர் தயவு கேட்பவர் அல்லர். "மெதுவாக இருக்கிறது" என்ற சொல்லை எவரும் தட்டிக் கழிக்கலாம். மூன்று நாள் எண்களை அவ்வளவு எளிதில் தட்டிக் கழிக்க முடியாது.

முதலில் நிறுவனத்துக்கு அறிவித்து, முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டுக் கொப்பியில் எழுதுங்கள். யாரோடு, எந்தத் திகதியில் பேசினீர்கள் என்பதையும் எழுதுங்கள். தகுந்த பதில் வராவிட்டால், இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்கு எழுதலாம். 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டத்துக்கு 1996இல் கொண்டுவரப்பட்ட திருத்தத்தின் மூலம் அமைக்கப்பட்ட அரச நிறுவனம் இது. தமிழிலேயே எழுதுங்கள். 1987இல் வந்த அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தினால் தமிழும் இந்நாட்டின் அரச கரும மொழியாகும்.

தனி ஒருவரின் கடிதத்தைவிடப் பத்து வீட்டுக் கொப்பிகள் வலிமையானவை. கிராம அபிவிருத்திச் சங்கமோ, மாதர் சங்கமோ, கமக்காரர் அமைப்போ பத்து வீடுகளின் அளவுகளை ஒரே தாளில் தொகுத்து, எல்லோரும் கையொப்பமிட்டு அனுப்பி, பிரதேச செயலாளருக்கும் ஒரு பிரதி கொடுக்கலாம். ஒரே நிறுவனத்தின் இணைப்பு எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் விழுகிறது என்பதை அந்தத் தாள் காட்டிவிடும். க.பொ.த. உயர்தரம் படிக்கும் பிள்ளை ஒன்று இந்தக் கணக்கை ஒரு மாலைப்பொழுதில் செய்து முடிக்கும்.

அலையே எட்டாத ஒதுக்குப்புறங்களுக்கு இப்போது செய்மதி வழியும் உண்டு. 2025ஆம் ஆண்டு யூலை மாதம் 'ஸ்ரார்லிங்க்' சேவை இலங்கையில் தொடங்கியது. அதற்குக் கோபுரம் வேண்டியதில்லை. மரம் மறைக்காத திறந்த வானம் வேண்டும். ஆனால் கருவியும் மாதக் கட்டணமும் ஒரு கமக்காரக் குடும்பம் தனித்துத் தாங்கக்கூடியவை அல்ல. பாடசாலையோ பொது நோக்கு மண்டபமோ இதை எடுக்க எண்ணினால், பலர் பங்கிட்டுப் பயன்படுத்த நிபந்தனைகள் இடமளிக்கின்றனவா என்று முதலில் கேட்டறிய வேண்டும்.

அடுத்த முறை இணையம் இழுபடும்போது கடைக்கு ஓடவேண்டாம். பொதியின் மிகுதியைப் பாருங்கள். றவுட்டருக்கு அருகில் ஒன்று, படிக்கும் இடத்தில் ஒன்று என்று அளவுங்கள். யன்னலோரத்துக்கு நகர்த்தி மறுபடி அளவுங்கள். மூன்று நாள் எழுதுங்கள். குறை வீட்டில் என்றால் செலவின்றித் திருத்துவீர்கள். வெளியில் என்றால் கையில் ஆதாரத்தோடு கேட்பீர்கள். இரண்டிலும், பிள்ளையின் படிப்புக்கென்று ஒதுக்கிய பணம் வீணாகாது.